இரண்டு வரிசை மலைக்கு அப்பால்

சீனு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் தெரியும். எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் உன் நலம் எனக்குத் தெரிந்தே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே விலாவாரியாகச் சொன்னாய். திருப்பதியில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, தையில் கல்யாணம், பொங்கலுக்கு முன்பே வந்து இறங்கிவிடுவாய், பெண் வீட்டார் நல்ல மாதிரி. எங்கள் நலத்தை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு நான் என்ன சொல்லியிருப்பேன்? பூத்துக்காரன் கணக்கு எழுதுகிற சாக்கில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பெஞ்சில் புத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த போன் என்று காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் நீ கடைசியாக, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி அதைச் சொன்னாய். "மஞ்சுளா கல்யாணத்துக்கு வரட்டும்மா. ஆனா முடிச்சு போடறதுக்கு மட்டும் சித்தப்பா பொண்ணு தேவி இருக்கட்டும். அவங்க வீட்ல ஒரு மாதிரி நெனப்பாங்க."

நான் சரிப்பா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வேறென்ன செய்வேன், ஊர் கேட்க உன்னைத் திட்டுவேனா? வழி நெடுகத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற முடிச்சைக் கூடப்பிறந்தவள் போடவேண்டும். அது அவளுடைய இடம். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் சித்தப்பா பெண், பெரியப்பா பெண் எல்லாம். உனக்கு மஞ்சுளா இருக்கிறாள். புருஷன் வீட்டை விட்டு வந்து நம்மோடு இருக்கிறாள். வாழாவெட்டி என்ற சொல்லை நீ வாயால் சொல்லவில்லை. படித்தவன் இல்லையா, சொல்லாமலே புரிய வைக்கத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மறைக்கவில்லை. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள், சீனு. சிரித்துவிட்டு, உரித்த மொச்சையை முறத்தில் பரப்பிக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னாள். இத்தனை வருஷம் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தும் சொல்லாத விஷயம். அதை எழுதத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பில் எழுதினால் உனக்கு உறைக்காது. நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய், அல்லது மறந்தால்தான் முன்னேற முடியும் என்று யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் மலையிலிருந்து தொடங்குகிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் தேசப்படம் வரைவாய். ஒரிஸாவிலிருந்து கீழே நம் பக்கம் வரைக்கும் பழுப்புப் பென்சிலால் ஒரே கோடு இழுத்து, கிழக்குத் தொடர்ச்சி மலை என்று எழுதுவாய். கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். சார் சரி என்று போட்டுக் கொடுப்பார். ஆனால் அந்த மலைக்குள்ளேயே குடியிருக்கிற நமக்குத் தெரியும், அது ஒரே கோடு இல்லை. வரிசை வரிசையாக, உழுத நிலத்தில் சால் ஓடுகிற மாதிரி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வடக்கு தெற்காகக் கிடக்கிறது. நம் ஊர் புத்தூர்ப் பள்ளத்தில் இருக்கிறது. மேற்கே கார்வேட்டிநகரம் பக்கத்து வரிசை, அதற்கும் அப்பால் திருப்பதி மலை. கிழக்கே, நம் வீட்டு வாசலில் நின்றால் எதிரே தெரிகிற வரிசை. அதில் ஏறி மேலே நின்றால்தான் தெரியும், அந்தப் பக்கம் நாகலாபுரம் பள்ளம், அதைத் தாண்டி சத்தியவேட்டு வரிசை. அதற்கும் அப்பால் மலை இல்லை. உப்பு மண்ணும் ஏரியும் கடலும்தான். கீழே இருக்கிறவனுக்கு எப்போதும் ஒரு வரிசைதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்றே நினைப்பான்.

நம் ஜனங்கள் பெண் கொடுத்து எடுத்ததெல்லாம் இந்த வரிசைகளைப் பார்த்துத்தான். ஒரு வரிசை தாண்டிக் கொடுக்கலாம். இரண்டு வரிசை தாண்டிக் கொடுக்க மாட்டார்கள். சொத்து இருந்தாலும் சரி, சொந்தமாக இருந்தாலும் சரி. ஏன், இது மூடநம்பிக்கை இல்லையா என்று நீ கேட்டாய், மஞ்சுளாவுக்குச் சம்பந்தம் பேசின அன்றைக்கு. உன் நைனா சரியாகப் பதில் சொல்லவில்லை. அவருக்கு வாய் போதாது. நான் சொல்லியிருக்கவேண்டும். கணவாய்ச் சீருக்காகத்தான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று காலையில் அண்ணனோ தம்பியோ பிறந்த வீட்டுச் சீரைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஏறுவான். புடவை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கரும்பு. கட்டிக்கொடுத்த பெண் அந்தப் பக்கத்திலிருந்து ஏறுவாள். கணவாய் மேலே சுனைக்குப் பக்கத்தில் பட்டையான பாறை இருக்கிறதே, அங்கே இரண்டு பேரும் உட்காருவார்கள். புருஷன் கூட வரக்கூடாது, மாமியார் கூட வரக்கூடாது. அப்பனும் ஆத்தாளும்கூட ஏறக்கூடாது. பெற்றவர்களைப் பார்த்தால் பெண் பொய் சொல்லுவாள், நன்றாகத்தான் இருக்கிறேன் என்பாள். கூடப்பிறந்தவனிடம்தான் வாய் திறக்கும். வருஷம் முழுக்க யாராவது ஒருத்தர் காதில் விழுகிற மாதிரியே பேசின பெண்ணுக்கு அந்த ஒரு வேளைதான் சொந்தம். மேலே பேசினதைக் கீழே யாரும் கேட்கக் கூடாது.

பேசி முடித்தபின் அவரவர் பக்கம் இறங்கிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். அண்ணன் அவள் கூடவே அவள் பக்கம் இறங்கினால், அந்த வீட்டில் அவனுக்குக் கேட்கவேண்டியது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தூரத்தில் பார்த்தவுடனே மாமியார் மகனைக் கூப்பிட ஓடுவாள். அவள் அண்ணன் கூட இந்தப் பக்கம் இறங்கிவிட்டால் அந்தக் குடித்தனம் முடிந்தது என்று அர்த்தம். தனியாக இறங்கினாலும் அப்படித்தான், அதைவிட மோசம். சொல்லிக்கொள்ளாமல் ஓடிவந்தவள் என்றாகிவிடும். ஒரு வரிசைக்கு அப்பால் இருப்பவளால்தான் காலையில் வீட்டு வேலை முடித்து ஏறி, பேசி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட முடியும். இரண்டு வரிசைக்கு அப்பால் இருந்தால் யார் விடுவார்கள்? அதுதான் கணக்கு. அதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது என்று இப்போதாவது சொல்.

என் கதையை உனக்குச் சொன்னதில்லை. நான் அந்தப் பள்ளத்துப் பெண், நாகலாபுரம் பக்கம். இங்கே வாழ வந்தவள். நீ வயிற்றில் இருந்த வருஷம், உன் நைனா சாராயம் குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஆமாம், உன் நைனாதான். இன்றைக்கு முட்டிவலியோடு மூலையில் உட்கார்ந்து கன்றுக்குட்டிக்கு உண்ணி பார்க்கிறாரே, அவர்தான். கரிநாள் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். உன் மாமன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். நல்லா இருக்கிறாயா என்று அவன் கேட்கவில்லை. கரும்பைக் கடித்துத் தோலை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "துன்னு. துன்னுகினே சொல்லு" என்றான். தின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் கூடவே இறங்கினான்.

உன் நைனா அவனைப் பார்த்ததும் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். மாமன் குரலை உயர்த்தவில்லை. நான் போட்ட சோற்றைத் தின்றான். கை கழுவிவிட்டு உன் நைனாவிடம் இவ்வளவுதான் சொன்னான்: "மாமா, அடுத்த வருசமும் மேல வந்து உக்காந்துகினு இருப்பேன். அவ இன்னா சொல்றாளோ அத கேட்டுக்கினு வருவேன்." அவ்வளவுதான். போய்விட்டான். அதன்பிறகு உன் நைனா குடிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், கை நீட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஒருத்தன் மேலே வந்து உட்காருவான் என்பது ஒரு ஆம்பளையின் கையைக் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது. மாமன் செத்த வருஷம் நான் கரிநாள் அன்று அழுததை நீ பார்த்திருக்கிறாய். சீர் வராததற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான் வாங்கித் தருகிறேன்மா என்றாய். நல்ல பிள்ளை. அப்போதே உனக்குச் சீர் என்றால் பைக்குள் இருப்பதுதான்.

அப்புறம் நீ திருப்பதியில் எம்.சி.ஏ. படித்தாய். ஊரில் முதல் ஆள். கலெக்டர் ஆனவன் மாதிரி உன்னைப் பார்த்தோம். கூடப் படித்தவன் ரவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். சூளூர்பேட்டைப் பக்கம் அவர்களுக்கு இறால் குட்டை. நெல் விளைந்த நிலத்தை எல்லாம் வெட்டிக் குட்டையாக்கி, கடல் தண்ணீரை உள்ளே விட்டு, ஜப்பானுக்கு ஏற்றுமதி என்று பேசினான். சிமெண்டு வீடு, பிரிட்ஜ், வீட்டிலேயே போன். நீதான் மஞ்சுளாவுக்கு அந்தச் சம்பந்தத்தைப் பேசினாய். இரண்டு வரிசை தாண்டிப் போகிறதே என்று உன் நைனா இழுத்தபோது நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மலை எல்லாம் இப்ப எங்க நைனா இருக்குது? பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போட்டா சூளூர்பேட்ட. அதுவும் வேணாம், போன் இருக்குது." நானும் அந்தப் பிரிட்ஜைப் பார்த்து மயங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எட்டாவது படித்தவள். நீ படித்த படிப்புக்கு நாங்கள் பயந்து வாயை மூடிக்கொண்டோம் என்பதுதான் உண்மை.

முதல் பொங்கலுக்கு நீ சீரை அவர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனாய். எவர்சில்வர் அண்டா, பட்டுப் புடவை, ஸ்வீட் பாக்கெட். அதுவரை நம் தெருவில் எவனும் அப்படிச் செய்ததில்லை. திரும்பி வந்து, சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தேன், மஞ்சுளா ராணி மாதிரி இருக்கிறாள் என்றாய். அவள் என்ன பேசினாள் என்று கேட்டேன். அத்தைதான் நிறையப் பேசினார்கள் என்றாய். அத்தை என்றால் அவள் மாமியார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அப்புறம் நீ மெட்ராஸில் வேலைக்குப் போய், ஞாயிறு தோறும் அவளுக்குப் போன் செய்தாய். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டு போன் எங்கே இருந்தது தெரியுமா? மாமியார் கட்டிலுக்குத் தலைமாட்டில். நீ அங்கிருந்து நல்லா இருக்கிறாயா என்று கேட்க, அவள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நல்லா இருக்கிறேன் என்று சொல்ல, நீ அதை அப்படியே எங்களிடம் கொண்டுவந்து ஒப்பிக்க, நாங்களும் நம்பினோம்.

குட்டையில் நோய் விழுந்தது. இறால் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்து ஒரே வாரத்தில் மொத்தமும் மிதந்ததாம். மறுபடி குஞ்சு விட்டார்கள், மறுபடி மிதந்தது. மிதந்த இறால் மேல் உள்ள கோபத்தை ரவி யார் மேல் காட்டுவான்? வீட்டில் இருந்தவள் மேல் காட்டினான். ஒருநாள் அவள் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட அவளை எங்கே அழைத்துக்கொண்டு வந்தார்கள் என்று நினைக்கிறாய்? புத்தூருக்கு. எலும்பு முறிந்தால் உலகமே வருகிற நம் புத்தூருக்கு. ரயிலேறி வந்து, பச்சிலை அரைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, அடுத்த ரயிலிலேயே திரும்பினார்கள். நம் வீடு அங்கிருந்து ஒரு பஸ் தூரம். மாமியார் அவள் முந்தானையை விடவே இல்லையாம். கட்டைப் பிரிக்கவேண்டிய நாளுக்கு முன்பே வேலை செய்யச் சொல்லிப் பிரித்தெறிந்ததால்தான் அவள் வலது கை இன்னும் கோணலாக இருக்கிறது. வழுக்கி விழுந்தேன் என்றுதான் உனக்குப் போனில் சொன்னாள். பார்த்து நடக்கக் கூடாதா என்று நீ அவளைக் கடிந்துகொண்டாய்.

இப்போது அந்தப் பொங்கல். ரெண்டாயிரம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும், அதைச் சரிசெய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று உனக்கு அமெரிக்க விசா வந்து, கிளம்புவதற்கு முன்னால் ஊரில் இருந்தாயே, அந்தப் பொங்கல். பண்டிகைக்கு முந்தின வாரம் மஞ்சுளாவிடம் போனில் பேசிவிட்டு வந்து எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "மஞ்சுளா இன்னும் பட்டிக்காடாவே இருக்காம்மா. 'அண்ணா, இந்த வருசம் சீர மேல எடுத்தாண்ணா'ன்றா." நான் போயேன்டா என்றேன். கேட்டிருக்கிறாளே, ஏறிப் போ என்றேன். அவள் எதற்கு அந்த வெயிலில் பஸ் மாறி வந்து மலை ஏறவேண்டும், காருக்குச் சொல்லியிருக்கிறேன், வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாய். தங்கச்சி கஷ்டப்படக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். உன் நல்ல எண்ணத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இல்லை.

கரிநாள் அன்று நீ வாடகைக் காரில் மிக்சியும் புடவையும் எடுத்துக்கொண்டு தெற்கே சுற்றிக்கொண்டு சூளூர்பேட்டைக்குப் போனாய். அவள் வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று மாமியார் சொன்னாள். கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாய். நேரமாகிறது என்று மிக்சியை வைத்துவிட்டு வந்துவிட்டாய். சொல்லாமல் எங்கே போனாள் என்று உனக்குக் கொஞ்சம் கோபம்கூட. அந்த வாரமே விமானம் ஏறினாய்.

அவள் கோயிலுக்குப் போகவில்லை. இதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை, மொச்சை உரித்துக்கொண்டே சொன்னாள். கோயிலுக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, சத்தியவேட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகலாபுரத்துக்கு ஒரு பஸ், அப்புறம் நடை. அந்தக் கோணல் கையோடு, என் பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஏறி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் பாறைக்கு வந்துவிட்டாள். நீ கிளம்பிப் போகிறவன் ஆயிற்றே, இந்த ஒரு தடவையாவது வருவாய் என்று நினைத்திருக்கிறாள். மாமியார் தலைமாட்டில் நின்றுகொண்டு அதற்குமேல் அவளால் என்ன சொல்லியிருக்க முடியும்? மேலே எடுத்துக்கொண்டு வா என்றால் நம் ஜாதிஜனத்தில் பிறந்த எவனுக்கும் புரியுமே.

அங்கே உட்கார்ந்தால் நம் வீட்டுக் கூரை தெரியும். நான் அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தேன். அடுப்புப் புகை மேலே ஏறுவதைப் பார்த்தாளாம். கூரை ஓரத்தில் நான் துணி காயப்போட வந்ததைப் பார்த்தாளாம். அவ்வளவு பக்கம், சீனு. இறங்கியிருந்தால் குழம்பு ஆறுவதற்குள் வந்திருப்பாள். ஏன்டி இறங்கலை என்று நான் கத்தினேன். "எப்டிமா எறங்குவேன்? அண்ணன் வரல. தனியா எறங்குனா ஓடியாந்தவன்னு ஆயிடும். அண்ணனுக்கு விசா வந்திருக்குற நேரத்துல ஊரு பேசும்." உன் விசாவுக்குக் கெட்டபெயர் வரக்கூடாது என்று அவள் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சூரியன் நம் பக்கத்து மலைக்குப் பின்னால் இறங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனாள். வீட்டுக்குப் போனால் உன் மிக்சி மேசை மேல் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

பிற்பாடு அவள் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினபோது நீ அங்கிருந்து போன் செய்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இவ்ளோ நாளா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே." அதைக்கேட்டு நானும் அவளைத் திட்டினேன். உன் கூடச் சேர்ந்து நானும் திட்டினேன். "சொன்னேன், நீதான் வரவில்லை" என்று அவள் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால், அண்ணன் மனசு கஷ்டப்படும் என்கிறாள். எனக்கு அந்த இரக்கம் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். உன் மனசு நன்றாகக் கஷ்டப்படட்டும்.

போன வருஷம் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். நீ இருக்கிற ஊர்ப் பக்கத்திலும் நம் ஊர் மாதிரியே வரிசை வரிசையாக மலை இருக்கிறதாம், ஒன்றுக்குப் பின் ஒன்றாக நீலமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கடியில் குகை மாதிரி குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள், காரில் போனால் அரை மணி நேரத்தில் எல்லா வரிசையையும் தாண்டிவிடலாம், மேலே ஏறவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் நைனா அதைப் படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். ஊரெல்லாம் காட்டினார். நான் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலைகளின் மேலே யாராவது யாருக்காவது உட்கார்ந்திருந்தால் கீழே குகைக்குள் போகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. உனக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

புத்தி சொல்லாமல் ஆத்தாள் கடிதம் இருக்காது. கட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்கும் அண்ணன் தம்பி இருப்பார்கள். அவர்கள் போன் செய்தால் நீ அந்த இடத்தை விட்டு எழுந்துபோ. கதவைச் சாத்திவிட்டுப் போ. என்ன பேசினாய் என்று கேட்காதே. இதைவிடப் பெரிய புத்தி எனக்குத் தெரியாது. அவள் உன்னைப் பற்றி அவர்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற பயம் உனக்கு எப்போதும் இருக்கட்டும். அந்தப் பயம் இருந்ததால்தான் உன் நைனாவோடு நான் குடித்தனம் செய்ய முடிந்தது.

இனி முடிச்சு விஷயம். தேவி போடட்டும் என்று பெண் வீட்டாரிடம் இன்னும் சொல்லியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும் மாற்றிக்கொள்ள உனக்கு வாய் இருக்கிறது. பொங்கலுக்கு முன்பே வருகிறாய் அல்லவா? நேராக வீட்டுக்கு வராதே. திருப்பதியில் எங்கேயாவது தங்கிக்கொள். கரிநாள் அன்று விடியற்காலையில் நாகலாபுரம் பஸ்ஸைப் பிடி. கார் வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து ஏறு. இப்போது அவள் இந்தப் பள்ளத்தில் இருக்கிறாள். மலைக்கு அப்பால் இருக்கிறவன் நீதான். சீர் கொண்டுவராதே. பட்டும் வேண்டாம், அங்கிருந்து சூட்கேசில் வருகிற எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு ஏறு. அன்றைக்கு அவள் அப்படித்தான் வந்தாள்.

இந்தக் கடிதத்தை எழுதுவதை அவளிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் மேலே வந்தால் ஏறுவாயா என்று கேட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதனால் அவள் வருவாள் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். நீ பாறையில் உட்கார். கூரை தெரியும், புகை தெரியும். அன்றைக்கும் கறிக்குழம்புதான் வைப்பேன். அவள் வந்து, பேசி, உன்னைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கினால் உங்கள் இரண்டு பேருக்கும் உன் நைனாவுக்கும் இலை போடுகிறேன். மண்டபத்துக்கும் எல்லோரும் சேர்ந்தே வருகிறோம். அந்தக் கோணல் கையால் அவள் முடிச்சுப் போடட்டும், எவன் ஒரு மாதிரி நினைக்கிறான் என்று பார்க்கலாம்.

வராவிட்டால், பசிக்கிறதே, வீடு பக்கத்தில்தானே, அம்மா இருக்கிறாளே என்று தனியாக இந்தப் பக்கம் இறங்கிவிடாதே. பொழுது சாயும்வரை உட்கார்ந்திரு. அப்புறம் வந்த வழியே போ.

உன் அம்மா